கேஜ் என்றால் கூண்டு அல்ல

லண்டனுக்கு வந்த முதல் வாரம் முழுவதும் நான் சமையலறைச் சாக்கடைக் குழாயைச் சோடா போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். காரணம், எங்கள் வீட்டுக்காரம்மா மிஸஸ் ஹாரிஸ். தினமும் காலையில் மாடிப்படியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, முன்னால் ஏதோ இரண்டு சொல்லை மென்று விழுங்கிவிட்டு, "...கப்பா?" என்று கேட்பார். எங்கள் கோலார் தங்க வயலில் கப்பு என்றால் நாற்றம். கப்படிக்கிறதா என்றுதான் மனுஷி கேட்கிறாள், ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த கருவாட்டின் வேலை இது என்று எனக்கு உயிரே போய்விட்டது. "நோ, நோ, சாரி" என்று சொல்லிவிட்டு அந்தக் குளிரில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். ஒரு கப் டீ வேண்டுமா என்பதைத்தான் அவர்கள் 'கப்பா' என்கிறார்கள் என்று என் கணவர் செல்வராஜ் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னபோது, நானும் குழந்தையும் ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். இதில் வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் பேச்சைக் காதால் கேட்டு அதில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் நான் படித்த படிப்பு.

ஊரில் இருப்பவர்களுக்கு இன்னும் அது என்ன படிப்பு என்று சரியாகத் தெரியாது. ஸ்பீச் தெரபிஸ்ட் என்று சொன்னால் எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் 'பேச்சு டீச்சர்' என்பார்கள். மேடையில் பேசச் சொல்லிக் கொடுப்பவள் என்று நினைத்து, தேர்தல் சமயத்தில் ஒருவர் வீடு தேடி வந்ததும் உண்டு. திக்குவாய்க்காரர்கள், வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகள், மண்டையில் அடிபட்டோ வாதம் வந்தோ பேச்சை இழந்தவர்கள், இவர்களுக்குப் பேச்சைத் திரும்பப் பழக்குவது என் வேலை. இந்த வேலைக்கு நான் வந்ததற்கு என் அப்பாதான் காரணம். சுரங்கத்தின் அடியில் பாறையைத் துளைக்கும் மெஷின் பிடித்தவர் அவர். அந்த மெஷின் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் எல்லோருமே அவருக்கு நேராக முகத்தைத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, உதடு தெரியப் பேசுவோம். எனக்கு எழுத்துத் தெரியும் முன்பே உதடு படிக்கத் தெரியும். மைசூரில் இப்படி ஒரு படிப்பு புதிதாக வந்திருக்கிறது, இடம் கிடைத்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னபோது, "இன்னா? பேசறதுக்கா படிப்பு? நம்ம லைன்ல படிக்காதவ பேசற பேச்சே தாங்கலியே!" என்று சிரித்தார். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ரயிலடி வரை வந்ததும் அவர்தான்.

மைசூரில் பாடமெல்லாம் இங்கிலீஷ், பரிசோதனைக்கு வரும் குழந்தைகள் பேசுவதோ கன்னடம், தெலுங்கு, உருது, தமிழ். ஒருநாள் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே ஒரு பெண் குழந்தையைக் கூட்டிவந்திருந்தார்கள். எங்கள் ஆசிரியை தஞ்சாவூர்க்காரர், நல்ல கெட்டிக்காரர். குழந்தை ஒவ்வொரு படத்தையும் பார்த்து "இன்னா இது? இன்னா இது?" என்றது. அவர் கரும்பலகையில் 'என்ன' என்று எழுதி, அதன் எதிரே 'இன்னா' என்று எழுதி, ஒலி மாற்றக் குறை என்று விளக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "மேடம், அது குறை இல்ல மேடம். எங்க ஊர்ல நாங்க எல்லாருமே அப்படித்தான் பேசுவோம்" என்றேன். வகுப்பே சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. "நல்ல வேளை, நீ இங்கே இருந்தாய்" என்று சொல்லிவிட்டு அந்த வரியை அழித்தார். குழந்தையின் அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் என்ன செய்துவிட்டேன், அறைக்குள் இருந்தேன், அவ்வளவுதான்.

படிப்பு முடிந்து ஊருக்கே வந்து ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். அங்கே எனக்கு ஒரு மேசை, ஒரு கண்ணாடி, கையால் வரைந்த கொஞ்சம் படங்கள். என்னிடம் வந்தவர்களில் மாரிகுப்பம் ஏகாம்பரத்தை மட்டும் சொல்கிறேன். சுரங்கத்தில் ஆளை இறக்கி ஏற்றும் இரும்புப் பெட்டிக்கு எங்கள் ஊரில் கேஜ் என்று பெயர். கேஜ் எப்போது நிற்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று மேலே இயந்திரம் ஓட்டுகிறவருக்கு மணி அடித்துச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். அந்த ஆள்தான் ஏகாம்பரம். மேலிருந்து கல் விழுந்து மண்டையில் அடிபட்டு, உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது. 'தா... தா...' என்பது ஒன்றுதான் மிச்சம். படம் காட்டினேன், பாட்டுப் பாடச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் நான் விடாமல் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் கோபத்தில் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் இருந்த அவர் மனைவி கஸ்தூரி, "ஒண்ணும் இல்ல டீச்சரம்மா. நிறுத்துன்றாரு. கேஜுக்கு ஒரு மணின்னா நில்லு, ரெண்டு மணின்னா எறக்கு. இத்தினி வருசமா அதானே அவரு பேச்சு" என்றாள்.

அன்றைக்கு நான் படங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஒரு தட்டு, கூடவே 'நில்லு' என்ற சொல். இரண்டு தட்டு, கூடவே 'எறக்கு'. அவர் தட்டத் தட்ட நான் சொல்வேன், பிறகு அவரும் கூடவே முனகினார், பிறகு ஒருநாள் 'நில்லு' என்று சொல் தனியாகவே வந்து விழுந்தது. மெல்ல மெல்ல 'தண்ணி', 'வேணா', 'போலாம்' எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டுக் கணக்கு நாங்களே வைத்துக்கொண்டோம். கடைசியாக மனைவி பெயரை, 'கத்தூரி' என்று, பாதி விழுங்கிச் சொன்னார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டாள். நானும் அழுதேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்தச் சமயத்தில்தான் செல்வராஜுக்கு லண்டனில் வேலை கிடைத்தது. அவர் ஆண் நர்ஸ். அவர் சான்றிதழை இங்கே உடனே ஒப்புக்கொண்டார்கள், அவர்களே கப்பல் ஏறி வந்து அழைக்காத குறையாக வா வா என்று கூப்பிட்டார்கள். நர்ஸ் படிப்பை ஒத்துக்கொள்கிறவர்கள் என் படிப்பை மட்டும் வேண்டாம் என்பார்களா என்று எனக்கும் தைரியம். கஸ்தூரிதான் ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போய்ட்டா இவர யாருங்க பாப்பாங்க?" என்று கேட்டாள். வேறு ஆள் போடுவார்கள் என்றேன். அப்படித்தான் எனக்கும் சொல்லியிருந்தார்கள்.

இங்கே வந்து ஸ்பீச் தெரபிஸ்டுகளைப் பதிவு செய்யும் சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டேன். இந்தியப் படிப்பு எதுவும் அவர்கள் ஏற்றுக்கொண்டவற்றில் இல்லை, ஆனாலும் நேரில் வந்தால் பார்ப்போம் என்று கூப்பிட்டார்கள். அன்று என்னிடம் இருந்த நல்ல பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்மணிகளும் ஓர் ஆணும். மூவருமே மரியாதையானவர்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். பேச்சிழந்தவர்களுக்கு நீங்கள் கையாண்ட முறை ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். இதைவிட நல்ல கேள்வி எனக்கு வேறு என்ன வேண்டும்? உற்சாகமாக ஆரம்பித்தேன், பேஷண்ட் பேசுவதற்குக் கேஜைப் பயன்படுத்தினேன் என்று. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நோயாளியைக் கூண்டுக்குள் வைத்தீர்களா?" என்று தலைவராக இருந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை, இல்லை. அவர் அதற்கு முன்னால்தான் கேஜில் இருந்தார்."

"முன்னால் கூண்டில் இருந்தாரா?"

"ஆமாம், தினமும். ஷிஃப்டுக்குப் போகும்போது எல்லோரும் கேஜில்தான் போவார்கள். என் அப்பாகூட."

அந்த ஆண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் சுரங்கம், ஆளை இறக்கும் குழியான ஷாஃப்ட், அடியில் வேலை நடக்கும் லெவல் என்று பின்னால் ஓடி ஓடி விளக்கினேன். அவர்கள் தலையாட்டினார்கள், ஆனால் கூண்டு அவர்கள் மனதைவிட்டுப் போகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தச் சொல்லை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்ததே சுரங்கம் நடத்த வந்த இவர்கள் ஊர்க்காரர்கள்தான். ஷாஃப்ட், லெவல், ஷிஃப்ட், கேஜ் என்று எங்கள் அப்பன் பாட்டன் வாயில் அவற்றைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நான் அதைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தால், இது எங்களுடையது இல்லையே என்கிறார்கள். யாரிடம் போய் இதைச் சொல்ல?

அடுத்து ஒரு டேப் ரிக்கார்டரைப் போட்டார்கள். ஒரு சின்னப் பையன் கதை சொல்கிறான், கேட்டுவிட்டுக் கருத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். என் காது விழித்துக்கொண்டது. எனக்கு இங்கிலீஷ் கற்றுத் தந்தவர் எங்கள் கான்வென்ட் ஆங்கிலோ-இந்திய டீச்சர். சொல்லின் கடைசியில் வரும் 'ட்'டை விழுங்கினால் ஸ்கேலால் மேசையில் அடிப்பார். டேப்பில் பேசிய பையனோ எல்லா 'ட்'டையும் விழுங்கினான். வாட்டரை 'வோ-அ' என்றான், பாட்டிலை 'போ-ல்' என்றான், 'திங்' என்பதற்கு 'ஃபிங்' என்றான், ஹவுஸில் ஹகரமே இல்லை. பாவம், இவ்வளவு குறையோடு இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன பாடுபடுமோ என்று எனக்கு உண்மையிலேயே இரக்கமாகிவிட்டது. அத்தனை பிழையையும் வரிசையாக எழுதி, நாக்கு நுனிக்கும் தொண்டைக்கும் என்னென்ன பயிற்சி தர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். தலைவரம்மாள் படித்துவிட்டு, கனிவாகவே சொன்னார்: "இந்தப் பையனுக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா. லண்டனில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான் பேசும். குறையுள்ள பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் டேப் இது."

மைசூர் வகுப்பில் எழுந்து நின்ற என் குரல் எனக்கே காதில் கேட்டது. இங்கே எழுந்து நிற்க ஒருவரும் தேவைப்படவில்லை, அந்தப் பையனின் ஊர்க்காரர்கள்தான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்களே. பிறகு பதில் வந்தது: உங்கள் காதும் உங்கள் உச்சரிப்பும் இந்த நாட்டுக் குழந்தைகளின் பேச்சுக்குப் பழகவில்லை, விருப்பமிருந்தால் முதல் வருஷத்திலிருந்து மாணவியாகச் சேரலாம். என்னை அதிகம் அழவைத்தது அவர்கள் சொன்னது தவறு என்பதல்ல, அதில் நியாயம் இருந்தது என்பதுதான். ஓர் ஊர்ப் பிள்ளையின் பேச்சை எடைபோட அந்த ஊர்க் காது வேண்டும். செல்வராஜ் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "உடு. அவுங்க ஊரு, அவுங்க ரூலு. நாம இன்னா பண்ண முடியும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மறுபடி முதல் வருஷத்தில் போய் உட்கார வழியில்லை. இப்போது நான் செல்வராஜ் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே படுக்கை விரிப்பு, போர்வை மடித்து அடுக்கும் அறையில் இருக்கிறேன். விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் வழியில்தான் ஸ்பீச் தெரபி என்று பலகை மாட்டிய கதவு இருக்கிறது. உள்ளே யாரோ ஒரு கிழவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப முயல்வது கேட்கும். நின்று கேட்டால் வேலை கெடும். ஊரிலிருந்து அப்பா யாரையோ எழுதச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். என் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். அந்த அறையில் இப்போது மருந்துப் பெட்டிகள் இருக்கின்றனவாம். ஏகாம்பரத்தைக் கடைத்தெருவில் பார்த்தாராம், அவர் பழையபடி 'தா... தா...' என்றுதான் சொன்னாராம். அங்கே நாற்காலி இருக்கிறது, உட்கார ஆளில்லை. இங்கே ஆள் இருக்கிறேன், உட்கார நாற்காலி இல்லை. நடுவில் இவ்வளவு பெரிய கடல் இருக்கும்போது அந்த மனிதருக்காக நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை.

கைக்குழந்தையாக இங்கே வந்த என் மகள் மலரைப் போன மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். சேர்த்த கொஞ்ச நாளிலேயே, குழந்தைக்குப் பேச்சு சரியில்லை, கிளினிக்கில் காட்டுங்கள் என்று அவள் டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டில் எங்களோடு தமிழ், மிஸஸ் ஹாரிஸோடு லண்டன் இங்கிலீஷ், எந்நேரமும் வாய் மூடாத குழந்தை அது. வாட்டரைக்கூட இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போலவே 'வோ-அ' என்றுதான் கேட்கும். கிளினிக்கில் ஓர் இளம்பெண் வந்து மலரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கூடவே எழுந்தேன். "அம்மாக்கள் வெளியே இருக்க வேண்டும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அது சரியான முறைதான். ஊரில் நானும் சில சமயம் அப்படித்தான் செய்வேன்.

கதவு வழியாகக் கேட்டது. அந்தப் பெண் ஒவ்வொரு படமாகக் காட்டுகிறாள். மலர், "இன்னா? இன்னா இது?" என்கிறாள். அடுத்த படம், மறுபடியும் "இன்னா இது?" அந்தப் பெண், "இன்னர்? இன்னர் என்றாயா? மறுபடி சொல்லு" என்கிறாள். அடுத்து ஒரு பறவைக் கூண்டுப் படம் போலிருக்கிறது. கேஜ் என்று அவள் சொல்லிக் கொடுத்ததும் மலர் சந்தோஷமாக, "கேஜ்! தாத்தா! தாத்தா கேஜ்ல போவாரு!" என்று கத்தினாள். உள்ளே அடுத்த படத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தேன். மைசூரில் யாரோ பெற்ற குழந்தைக்காகச் சொல்ல அறைக்குள் நான் இருந்தேன். என் குழந்தைக்குச் சொல்ல அறைக்குள் ஒருவரும் இல்லை.

கதவு திறந்தது. அந்தப் பெண் மண்டியிட்டு மலரின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிட்டாள், அன்பான பெண்தான். "இன்னா, இன்னா என்று அடிக்கடி சொல்கிறாள். எந்தச் சொல்லைச் சொல்ல முயல்கிறாள்?" என்று என்னைக் கேட்டாள்.

"அது எங்கள் பாஷை. வாட் என்று அர்த்தம்" என்றேன். என் வாயில் அந்த 'வா' இந்த ஊர்க்காரர்களுக்குத் தப்பாக விழும் என்பது எனக்கே தெரியும்.

"ஓ, வாட் என்று சொல்லத்தான் வரவில்லையா!" என்று எழுதிக்கொண்டாள். "கவலைப்படாதீர்கள். இரண்டு பாஷையில் குழம்பியிருக்கிறாள். இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள். உங்கள் பாஷையை அவளிடம் நிறுத்திவிடுங்கள். முடியும்தானே?"

குழப்பம் இல்லை, இது வளர்ச்சி, இதைப் பற்றி நான் படித்திருக்கிறேன், நானும் உன்னைப் போல ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்தக் காகிதத்தைக் காட்டி அதைச் சொல்வேன்? இந்த ஊரில் நான் விரிப்பு மடிக்கிறவள். இந்த ஊர்ப் பிள்ளையின் பேச்சைக் கேட்க எனக்குக் காது போதாது என்றவர்கள், என் பிள்ளையின் பேச்சைக் கேட்க இந்தப் பெண்ணுக்குக் காது இருக்கிறதா என்று கேட்டிருக்க மாட்டார்கள். "தேங்க் யூ" என்றேன்.

பஸ்ஸில் மலரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வழக்கமாக வழி நெடுகப் பேசிக்கொண்டு வருவோம். அன்று நான் வாயே திறக்கவில்லை. எந்த பாஷையில் திறப்பது? அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் அப்பாவிடம் நாங்கள் பேசுவதுபோல, என் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, "இன்னாம்மா?" என்றாள்.

கண்டக்டர் கயிற்றை இழுத்து இரண்டு மணி அடித்தார். இந்த ஊரில் இரண்டு மணி என்றால் வண்டி புறப்படலாம். எங்கள் ஊரில் இரண்டு மணி என்றால் கேஜ் கீழே இறங்குகிறது. பஸ் நகர்ந்தது. நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.